இறங்குதடம்

மேட்டூரில் திறந்தாயிற்றாம்,
எட்டு நாளில் வெண்ணாற்றுக்கு வந்துவிடும் என்று
டீசல் பங்க்கில் யாரோ சொன்னபோது
என் இடது கணுக்கால்தான்
முதலில் கேட்டது.

அதற்குள் ஒரு தகடு, ஆறு திருகாணி.
தஞ்சாவூரில் போட்டது.
மழைக்கு முன்னால் வலிக்கும் என்றார்கள்.
ஆற்றில் தண்ணீர் வருமுன்னும் வலிக்கும் என்று
யாரும் சொல்லவில்லை.

தார்ப்பாயின் கீழ் கிடந்தது வண்டி, ஏழெட்டு மாதம்.
சீட்டுக்கடியில் எலி குட்டி போட்டிருந்தது.
தவணைக்காரர் மட்டும்
மாதம் தவறாமல் நலம் விசாரித்தார்.
பேட்டரி மாற்றிக் கிளப்பியதும்
புகைபோக்கி கறுப்பாய் ஒருமுறை இருமியது.
நானும்.

சமதரையில் ஒன்றுமில்லை.
ரைஸ்மில் களத்தில் எட்டுப் போட்டேன்.
பிறகு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்
குளத்துக்கரையில் ஒரு சின்னச் சரிவு,
ஆடு இறங்கும் உயரம்.
அதில் நாலு நாள், இருட்டுகிற நேரமாகப் பார்த்து,
இறங்கி, ஏறி, இறங்கி.
ஐந்தாம் நாள் பையன்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.
"அக்கா, டிராக்டர் ஓட்டக் கத்துக்கிறீங்களா?"
பதினோரு வருடமாக ஓட்டுகிறேன் என்று சொல்ல
வாய்வரை வந்தது.
"ஆமாண்டா" என்றேன்.

மைக்கேல்சாமி வயலுக்கு
ஆற்றங்கரையிலிருந்து ஒரே இறங்குதடம்.
இந்தப்பக்கம் வாய்க்கால், அந்தப்பக்கம் கருவேலம்.
போன ஐப்பசியில் அங்கேதான்.
வண்டி மல்லாந்தது;
சக்கரம் நாலும் கொஞ்சநேரம்
ஆகாயத்தை உழுதன.
"மண்ணு உள்வாங்கிடுச்சு" என்றது ஊர்.
மண்ணு உள்வாங்கிடுச்சு என்றேன் நானும்
ஆஸ்பத்திரியில், இன்சூரன்ஸ்காரரிடம்,
அம்மாவிடம்,
தூக்கம் வராத ராத்திரிகளிடம்.

மண் உள்வாங்கவில்லை.
பாதிச் சரிவில் பயந்துபோய்
கிளட்ச்சை மிதித்தேன்.
பிடி விட்ட வண்டி தன் எடைக்குத் தானே ஓடிற்று.
சரிவில் கிளட்ச் தொடக்கூடாதென்று
நேற்று ஸ்டியரிங் பிடித்தவனுக்கும் தெரியும்.
குறுக்கே ஒரு மயில் வந்தது.
அவ்வளவுதான். ஒரு மயில்.

தண்ணீர் வந்தது:
நுரை, தெர்மகோல், ஒற்றைச் செருப்பு,
அதற்கெல்லாம் பின்னால்தான் ஆறு.
வயலில் பாய்ந்து இரண்டு நாள் ஊறியபின்
கேஜ் வீல் பூட்டிக் கரைக்குப் போனேன்.
மைக்கேல்சாமி குடையோடு நின்றார்.
"தொரக்கண்ண வரச்சொல்லட்டுமா?
எறக்கி மட்டும் விடட்டும்."
கெட்ட மனுஷனில்லை.
போர்த் தண்ணீரில் விட்ட நாற்று
வயதேறிக்கொண்டிருந்தது அவருக்கு.

"அன்னிக்கு மண்ணு உள்வாங்கலைங்க.
நான்தான் கிளட்ச்ச மிதிச்சேன்."

அவர் குடையை மறு கைக்கு மாற்றினார்.
"சரி, இன்னிக்கு மிதிக்காம எறங்கு."

லோவில் முதல் கியர்.
இடது காலைக் கிளட்ச்சிலிருந்து எடுத்துத்
தரைத்தகட்டில் வைத்தேன்,
இரவல் பாத்திரத்தைத் திருப்பி வைப்பதுபோல.
மூக்கு கவிழ்ந்தது.
வயிறு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது.
எஞ்சின் முனகி முனகி
வண்டியின் பிடரியைப் பிடித்துக்கொண்டது.
இரும்புச்சக்கரம் ஈரமண்ணைக் கடித்துக் கடித்து
அடியடியாய்த் துப்பியது.
கால் நடுங்கிற்று. நடுங்கட்டும்.
அங்கே மிதிப்பதற்கு ஒன்றுமில்லை.

வாய்க்கால் ஓரத்தில்
போன வருடத்துக் கண்ணாடிச் சில்லொன்று
என்னைப் பார்த்து மின்னியது.
பார்க்காமல் இருக்கமுடியவில்லை, பார்த்தேன்.

முன்சக்கரம் சேற்றில் இறங்கியபோது
கொக்குகள் கூட இறங்கின,
எனக்காக அல்ல, புழுவுக்காக.
ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க
ஒரு நிமிடம் ஆனது.
பிறகு நாலு மணிவரை உழுதேன்.
உழவில் பயப்பட நேரமில்லை.
பயம் வரப்பில் உட்கார்ந்து காத்திருந்தது.

ஏற்றத்தில் முன்னால் போனால் மூக்கு தூக்கும்.
பின்னோக்கித்தான் ஏறவேண்டும்.
கழுத்தைத் திருப்பி, கரையைப் பார்த்து,
ரிவர்ஸைப் போட்டேன்.
இந்தக் கரையில் இன்னும்
பதினேழு இறங்குதடம் இருக்கிறது.

கருவேலத்துக்குள் எங்கேயோ
மயில் அகவியது.
இடது கால் தகட்டிலேயே கிடந்தது.
வலது காலால்
கொஞ்சம் டீசல் கொடுத்தேன்.